உனக்கு வாசித்த பேண்டைப் பாஸ்கரனுக்கும் வாசிக்க வைத்தேன்

கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று தொண்டை கிழியக் கத்திய என் சேவியர் அண்ணனுக்கு,

உன் முதலாண்டுப் பூசைக்காகப் பங்கு மடலில் நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். 'இறைவனில் இளைப்பாறும்' என்று ஆரம்பிக்கும் அந்த நாலு வரி, எல்லார் வீட்டுக்கும் ஒரே அளவில் தைத்து வைத்த சட்டை. உனக்குப் பொருந்தாது. நீ இளைப்பாறுகிற ஆளா? மோட்சத்தில் ஒரு திடல் இருந்தால் அதன் ஓரக் கோட்டில் நின்று சம்மனசுகளைத் திட்டிக்கொண்டிருப்பாய். "றெக்கைய வச்சுக்கிட்டு இந்த ஓட்டமால ஓடுதிய?" என்று.

அதனால் கடிதமாகவே எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. பக்கத்தில் நாலு பேர் காது கொடுத்துக் கேட்கிறார்கள்; அவர்களுக்கும் புரிய வேண்டும். பிழைகளை மடல்காரர் திருத்திக்கொள்வார். பைபிளையும் தினக் காலண்டரையும் வைத்து நானே கூட்டிக் கூட்டிப் படித்த தமிழ் இது. "ஏட்டி, நீ எழுதுறது தமிழா, ராகுகாலமா?" என்று நீ கேலி செய்த அதே தமிழ்.

டீம் என்ன ஆச்சு என்றுதானே முதலில் கேட்பாய்? பொறு. பாஸ்கரனை முடித்துவிட்டு டீமுக்கு வருகிறேன்.

மாட்டுங்காவில் நீ படித்த கல்லூரியில் ஆண்கள் ஹாக்கி டீமை எப்போதோ மூடிவிட்டார்கள். பெண்கள் டீம் மட்டும் மிச்சம். அணுசக்தி நகரில் டெக்னீஷியனாக இருந்த காலத்திலும் சரி, ஓய்வு பெற்று தாராவியில் எங்கள் வீட்டோடு வந்துவிட்ட பிறகும் சரி, சனிக்கிழமை என்றால் உனக்கு அந்தச் செம்மண் திடல்தான். கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவனுக்கு அந்தப் பதினோரு பெண்களும்தான் பிள்ளைகள். நான் முதல் தடவை வந்தது கிங்ஸ் சர்க்கிளில் வாழையிலையும் பூவும் வாங்கப் போன வழியில். "அண்ணே, நம்ம பக்கம் எது?" என்று கேட்டேன். "சிவப்புச் சட்டை. தோக்குற பக்கம்னு வச்சுக்கோ, குழப்பமே வராது" என்றாய். அன்றைக்கும் தோற்றார்கள். இலை வாடிப் போகும் வரை நான் நின்று பார்த்தேன். அடுத்த சனிக்கிழமை நீ கூப்பிடாமலே கிளம்பினேன்.

பாஸ்கரன் உன்னோடு அதே கல்லூரியில் விளையாடியவன். நீ ரைட் ஹாஃப், அவன் சென்டர் ஃபார்வர்டு. நீ பந்தைப் பிடுங்கிக் கொடுத்தாய், அவன் கோல் போட்டான், கோப்பையோடு அவன் படம் கல்லூரிச் சுவரில் தொங்குகிறது. அந்தப் படத்தின் ஓரத்தில் தெரிகிற முழங்கை உன்னுடையது என்று எனக்குக் காட்டியிருக்கிறாய். காட்டும்போது உனக்கு வருத்தமே இருந்ததில்லை. எனக்குத்தான் இருந்தது.

கோச் வேலை காலியானபோது பிரின்சிபால் மேடத்திடம் போய் அவன் பெயரைச் சொன்னது நீ. "நம்ம பாஸ்கி வந்தா டீம் நிமிந்துரும் பாரு" என்று அன்றைக்கு ஒரு வடை கூடுதலாகச் சாப்பிட்டாய். அவன் வந்தான், லேப்டாப்போடு. எந்த நாட்டு டீமோ ஆடியதைப் பார்த்து ஒரு தந்திரம் கற்றுக்கொண்டு வந்திருந்தான். கடைசி ஐந்து நிமிஷம் கோல் கீப்பரை வெளியே கூப்பிட்டுவிட்டு, அவளுக்குப் பதில் இன்னொரு ஆளை முன்னால் அனுப்பி, பதினோரு பேரும் கோல் போடப் பாய வேண்டும். நம் கோல் காலியாகக் கிடக்கும்.

எதிர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி பாதித் திடலில் இருந்து தனியாகப் பந்தைக் கொண்டுவந்து, கோல் வட்டத்துக்குள் ஒரு தட்டுத் தட்டினாள். பந்து தானாக உருண்டு உள்ளே போனது. கூடவே ஒரு தெருநாயும் போனது. தடுக்க அங்கே யாரும் இல்லை.

ஒரு தடவை செய்தால் தவறு என்று விடலாம். அதையே சனிக்கிழமைதோறும் செய்தால்? தோற்கிற ஆட்டத்தில் செய்தாலாவது ஒரு நியாயம். சமமாக நிற்கிற ஆட்டத்திலும் செய்தான். கேட்டால், "மாடர்ன் ஹாக்கி சேவியர், நம்ம காலம் போயிடுத்து" என்பான்.

கீப்பர் நஸ்ரினை உனக்கு ஞாபகப்படுத்த வேண்டுமா? கோவண்டிப் பெண். அவள் வாப்பாவுக்கு இங்கே தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறை. பூர்வீகம் நம் திருநெல்வேலிப் பக்கம்தான். நீ அவளுக்கு வைத்த பெயர் 'சுவரு'. அவன் கையைக் காட்டியதும் அந்தச் சுவர் பெரிய பேடுகளைக் கட்டிக்கொண்டு தத்தித் தத்தி வெளியே வரும். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து, தான் இல்லாத கோலைப் பார்த்துக்கொண்டிருக்கும். அவள் முகத்தை நீ பார்க்க மாட்டாய். நான் பார்ப்பேன்.

அப்படி ஒரு சனிக்கிழமை நீ கத்தியது இப்போதும் என் காதில் இருக்கிறது. "ஏலே பாஸ்கி! வீட்டத் தொறந்து போட்டுட்டு ஊருக்குப் போறவன் எவனாவது உண்டாலே?" திடலே சிரித்தது. நம் பெண்களும் சிரித்தார்கள். அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன். ஆட்டம் முடிந்ததும் நம்மிடம் வந்தான்.

"சேவியர், பர்சனலா எடுத்துக்காதே. நீ கத்தறதுல பிளேயர்ஸ் டிஸ்டர்ப் ஆறாங்க. இனிமே உள்ள அலவ் பண்ண முடியாது."

சொல்லிவிட்டு வாட்ச்மேனுக்குக் கண்ணைக் காட்டினான். அந்த மனுஷன் உன்னோடு எத்தனை தடவை டீ குடித்தவர். "அங்கிள், சலியே... பாஹர் சலியே" என்று வெளியே வரச் சொல்லி உன் முழங்கையைத் தொட்டார். படத்தில் இருக்கிற அதே முழங்கை. கேட்டுக்கு வெளியே வந்த பிறகு என்னிடம் கேட்டாய்: "ஏட்டி, என் பேரச் சொல்லும்போது அவன் என்னப் பாக்கல, கவனிச்சியா?"

கவனித்தேன் அண்ணே. அதற்குப் பிறகு நீ பார்த்த ஆட்டங்களையும் கவனித்தேன்.

ரயில் நடைமேம்பாலத்தின் மூலையில் நின்றால் திடலில் பாதிதான் தெரியும். நீ அங்கே நின்றாய். எனக்குத் தடை இல்லை. சேலை கட்டிய பொம்பளை என்ன கத்திவிடப் போகிறாள் என்று விட்டுவிட்டான். நான் உள்ளே நின்று போனில் மறுபாதியைச் சொன்னேன். "இப்ப பந்து நம்ம பக்கத்துல... ஒரு பொண்ணு விழுந்துட்டா..." என்பேன். "எவ விழுந்தா? பேரச் சொல்லுட்டி! இடது பக்கம் யாரு நிக்கா?" என்று மேம்பாலத்தில் இருந்து கத்துவாய். போனிலும் கேட்கும், நேரிலும் கேட்கும். நான் ஹாக்கி கற்றது அப்படித்தான். கட்டிய பணத்துக்குப் பாதிப் படம் காட்டிய தியேட்டரைக்கூட நீ மன்னிக்க மாட்டாய். பாஸ்கரனை ஒரு தடவைகூடத் திட்டவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது.

மழை தொடங்கிய வாரம் நீ போய்விட்டாய். டாக்டர் மாரடைப்பு என்றார். நான் பாஸ்கரன் என்றேன். இரண்டில் எது சரி என்று எனக்கு யாரும் நிரூபிக்க வேண்டாம்.

அருளப்பனின் பேண்ட் செட்தான் உனக்கு முன்னால் வாசித்துக்கொண்டு போனது. மழையில் பெரிய டிரம்மின் தோல் தொய்ந்துவிட்டது, விடாமல் அடித்தார்கள். டீம் பெண்கள் சிவப்புச் சட்டையோடு வந்தார்கள். நஸ்ரின் கோயிலுக்குள் வரலாமா என்று வாசலில் தயங்கினாள். கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். பாஸ்கரன் வரவில்லை. என் போனுக்கு ஒரு படம் வந்தது: கும்பிட்ட கை இரண்டு, பக்கத்தில் ஒரு ரோஜாப்பூ. அதற்குக் கீழே ஒரு எழுத்துகூட இல்லை.

பெட்டியை மூடும் முன் அதன் மேல் கை வைத்து உனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன். இப்போது எல்லாரும் கேட்கட்டும். 'உன் வாயை அந்தத் திடலில் அடைத்தவன் வாயை, அதே திடலில் நான் அடைப்பேன்.'

உப்பு புளி முதற்கொண்டு நோட்டில் எழுதி வைக்கிறவள் நான். இதை எழுதவில்லை. மறந்துபோகிறதைத்தானே எழுதி வைக்க வேண்டும்?

அதைத் தினமும் சொல்லிக்கொள்கிறேன் என்று பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சாமியாரிடம் ஒப்புக்கொண்டேன். அவர், "லூர்து, நீ தினமும் சொல்றது ஜெபமா, சாபமா?" என்றார். "இன்னும் முடிவு பண்ணல சாமி" என்றேன். வழக்கமாகக் கொடுக்கிற அபராதத்துக்கு மேலே ஒரு முழு ஜெபமாலை கொடுத்தார். அதையும் பாஸ்கரன் கணக்கில்தான் சேர்த்தேன்.

அடுத்து நான் செய்ததைக் கேட்டால் நீ மோட்சத்திலேயே விழுந்து விழுந்து சிரிப்பாய்.

புதன்கிழமை நொவேனா ஜெபத்துக்குப் போகிற கோயில் வாசலில் மெழுகு உருவங்கள் விற்பார்களே: கை, கால், இதயம், வீடு, தொட்டில் குழந்தை. அதில் முழு ஆள் உருவமும் உண்டு. எனக்கு ஒரு யோசனை தோன்றியது. ஆண் உருவம் ஒன்று வாங்கினேன். அதன் நெற்றியில் சாவியால் 'பா' என்று கீறினேன். மாதாவின் காலடியில் வைத்து, "தாயே, இந்த ஆள நீயே எடுத்துக்கோ. உயிரோடதான், சாக வேண்டாம். அந்த கிரவுண்டுல இருந்து எடுத்துட்டா போதும்" என்று முழங்காலில் நின்று வேண்டினேன். ஒன்பது புதன்கிழமை போனேன்.

அண்ணே, பாஸ்கரனுக்கு ரொம்ப நாளாக முதுகு வலி இருந்ததே? இடுப்பில் பெல்ட் போட்டுக்கொண்டு கூனி நடப்பானே? நொவேனா முடிவதற்குள் பெல்ட்டைக் கழற்றிவிட்டான். கம்பம் மாதிரி நிமிர்ந்து நடக்கிறான். அதுமட்டும் இல்லை. கல்லூரியில் அவனை மொத்த விளையாட்டுக்கும் டைரக்டர் ஆக்கிவிட்டார்கள். தனி அறை, தனி ஃபேன்.

மெழுகு விற்கிற அம்மாவிடம் போய்ச் சண்டை போட்டேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கால் வச்சா கால் சுகமாகணும்னு அர்த்தம். வீடு வச்சா வீடு அமையணும்னு அர்த்தம். முழு ஆள வச்சா?"

"...ஆளு சுகமா இருக்கணுமா?"

"ஆமா. நோயில்லாம, நல்ல வேலையோட, நெடுங்காலம். எம்புட்டு புதன் வந்தீங்க?"

"ஒன்பது."

"அப்ப அவரு நல்லாத்தான் இருப்பாரு."

"ஒருத்தன் போய்த் தொலையணும்னா என்ன வைக்கணும்மா?"

"அது இங்க விக்கிறதில்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டாள்.

வீட்டில் உன் மச்சான், என் வீட்டுக்காரர், இரண்டு நாள் சிரித்தார். காபி கொடுக்கும்போதெல்லாம், "எனக்கும் ஒரு மெழுகாளு வாங்கி வையேன், புரொமோஷன் வரட்டும்" என்றார். காபியில் சீனியைக் குறைத்தேன். சிரிப்பு நின்றது.

இந்த சீசனும் போன சீசன் மாதிரியேதான் போனது. சமமாக நின்ற ஆட்டங்கள் கடைசி ஐந்து நிமிஷத்தில் கை நழுவின. கடைசி ஆட்டம் வந்தபோது நாம் முதல் டிவிஷனின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தோம். தோற்றால் கீழ் டிவிஷன். சமமாக முடிந்தாலே தப்பிக்கலாம். கீழே இறங்கினால் ஹாக்கியே வேண்டாம், திடலைக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று நிர்வாகம் பேசுவதாக வாட்ச்மேன் சொன்னார். டைரக்டர் ஆன பிறகும் கோச் வேலையை விடாத பாஸ்கரனின் ஒப்பந்தமும் அந்த ஆட்டத்தோடு முடிகிறது. டீம் இறங்கினால் அவனையும் இறக்கிவிடுவார்கள்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? தோற்கட்டும் என்று நினைத்தேன். நினைத்தது மட்டும் இல்லை, வேண்டிக்கொண்டேன். டீமும் போகட்டும், திடலில் பந்தல் போட்டு யாராவது பிரியாணி போடட்டும், அவன் தலை குனிந்து கேட்டுக்கு வெளியே போவதை நான் பார்த்தால் போதும். அந்த ஆசையில் நாக்கில் எச்சில் ஊறியது அண்ணே.

கிங்ஸ் சர்க்கிளில் நஸ்ரினைப் பார்த்தேன். பயிற்சி முடிந்து பேடு மூட்டையோடு பஸ்ஸுக்கு நின்றாள். ஓட்டலுக்குக் கூட்டிப்போய் இட்லி வாங்கிக் கொடுத்தேன். பேச்சுவாக்கில் என் ஆசை வாயில் வந்துவிட்டது. "இந்த ஒரு மேட்ச் போனா போகட்டும்மா, சனியன் விட்டுரும்" என்றேன்.

அவள் இட்லியைத் தட்டில் வைத்துவிட்டாள்.

"ஆன்ட்டி, பதலா உங்களுக்கு. தோக்குறது எங்களுக்கா? யே கைசா ஹிசாப் ஹை?"

பழி வாங்குவது நான், தோற்பது அவர்கள். இது என்ன கணக்கு என்று என்னைப் பார்த்துக் கேட்கிறாள்.

"அங்கிள் இருந்தா இத உங்க மூஞ்சிக்கு நேரா சொல்லியிருப்பாரு. அந்த ஓவர்பிரிட்ஜுல நின்னு வெயில்ல காஞ்சது நாங்க தோக்கறதப் பாக்கவா?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு இட்லியை எடுத்துச் சாப்பிட்டாள், பசி. "சமமா நிப்போம் ஆன்ட்டி. நான் உள்ள இருந்தா நிச்சயம் நிப்போம். ஆனா அஞ்சு நிமிஷம் இருக்கும்போது அந்தாளு கூப்பிடுவாரு. கூப்பிட்டா போகணுமே."

"கேட்டாத்தானே போகணும்?" என்றேன்.

"என்ன?"

"அவரு கூப்பிடுறது உன் காதுல விழலைன்னா என்ன பண்ணுவ?"

அவள் என்னையே பார்த்தாள். "விழலைன்னா... நிப்பேன்."

"இன்னும் ரெண்டு இட்லி சொல்லட்டா?"

நேராக அருளப்பன் வீட்டுக்குப் போனேன். அவர் கிளாரினெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, சனிக்கிழம சாயங்காலம் பேண்ட் வேணும்."

"அடடா, யாரும்மா?"

"பாஸ்கரன் சாருக்கு."

"அய்யோ, எப்ப ஆச்சு?"

"இன்னும் ஆகல. சனிக்கிழம மூணு மணிக்கு ஆரம்பம்."

கிளாரினெட் அவர் கையில் அப்படியே நின்றது. முழுக் கதையையும் சொன்னேன். உன்னை வெளியே அனுப்பியது, மேம்பாலம், காலிக் கோல் எல்லாம். கேட்டுவிட்டு, "சேவியருக்கு வாசிச்சப்ப மழையில டிரம்மு தொஞ்சு போச்சு. சத்தம் சரியா எழும்பல. அது எனக்கு மனசுல கிடக்கு" என்றார். "சனிக்கிழம புதுத் தோல் போட்டுட்டு வாறேன். கல்யாணப் பாட்டா, திருநாள் பாட்டா?"

"அண்ணனுக்கு வாசிச்சது."

"அதேவா?"

"அதே."

சனிக்கிழமை திடலைப் பார்த்திருக்க வேண்டும் நீ. சிவப்புக் கோட்டு போட்ட எட்டுப் பேர் பேண்ட் செட்டோடு கேட்டில் வந்து நின்றார்கள். வாட்ச்மேன் என்னைப் பார்த்தார். "டீமை உற்சாகப்படுத்த" என்றேன். உன்னைத் தொட்ட அதே கையால் கேட்டின் இரண்டு கதவையும் விரியத் திறந்துவிட்டார். பாஸ்கரனே, "ஆஹா, பேண்டா! வெரி குட், வெரி குட்" என்று கை தட்டினான். அவனுடைய பெஞ்சுக்கு நேர் பின்னால் நிறுத்தினேன்.

முதல் பாதியில் திருநாள் பாட்டு வாசித்தார்கள். பெண்கள் நன்றாக ஆடினார்கள். அவர்கள் ஒரு கோல், நாம் ஒரு கோல். பிரின்சிபால் மேடம் பந்தலில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார். மணி ஏறிக்கொண்டே போனது. போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன். பழக்கம். மேம்பாலத்தைப் பார்த்தேன். யார் யாரோ போய்க்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரம் வந்தது. இப்படியே முடிந்தால் தப்பித்தோம். எந்த மடையனும் கீப்பரை அசைக்க மாட்டான். பாஸ்கரன் எழுந்தான். ஜெயித்தால் பேப்பரில் படம் வரும் அல்லவா? உள்ளே அனுப்ப வேண்டிய பெண்ணைக் கோட்டில் கொண்டுபோய் நிறுத்தினான். வாயருகே கையைக் குவித்தான். மூச்சை இழுத்தான்.

நான் முந்தானையை இடுப்பில் செருகினேன். அருளப்பன் என் முகத்தைப் பார்த்தார்.

அண்ணே, உன் மெட்டு எழுந்தது. புதுத் தோல். அந்த டிரம் அடித்த அடியில் என் பல் அதிர்ந்தது. கிளாரினெட் அழுதது, டிரம்பெட் அலறியது. "நஸ்ரின்! அவுட்! நஸ்ரின்!" என்று அவன் வாய் திறப்பதும் மூடுவதும் தெரிந்தது. சத்தம் இல்லை. மீன் தொட்டியில் மீன் பேசுகிற மாதிரி. திரும்பி எங்களைப் பார்த்து நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டினான். அருளப்பன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, குனிந்து வணக்கம் சொல்லி இன்னும் ஓங்கி வாசித்தார். கழுத்தில் இருந்த துண்டை உருவி ஆட்டிக்கொண்டே கோட்டோரம் ஓடினான் பாஸ்கரன். நஸ்ரின் பார்த்தாள். பதிலுக்குக் கையை ஆட்டினாள். கோலில் நின்றாள்.

எதிர்ப் பக்கத்துப் பெண் பந்தோடு தனியாக வந்தாள். நம் ஆட்கள் எல்லாரும் முன்னால் போய்விட்டிருந்தார்கள். வேறு எந்தச் சனிக்கிழமையாக இருந்தாலும் காலிக் கோல்; நடந்து போய் வைத்துவிட்டு வரலாம். நஸ்ரின் வெளியே ஓடிவந்தாள். தரையோடு படுத்து இரண்டு காலையும் நீட்டினாள். பந்து அவள் பேடில் பட்டு வெளியே தெறித்தது. விசில். ஆட்டம் முடிந்தது. சமம்.

டீம் இருக்கிறது அண்ணே. முதல் டிவிஷனில் இருக்கிறது. நீ கேட்டதற்குப் பதில் இது.

நான் போனில் கத்திக்கொண்டிருந்தேன். "சுவரு நின்னுட்டு! அண்ணே, சுவரு நின்னுட்டு!" எதிர்முனையில் யாரும் இல்லை என்பது பேண்ட் நின்ற பிறகுதான் உறைத்தது.

பாஸ்கரன் நஸ்ரினிடம் பாய்ந்தான். "நான் கூப்பிட்டது கேக்கலையா உனக்கு?" அவள் ஹெல்மெட்டைக் கழற்றி, பால் வடிகிற முகத்தோடு, "கூப்பிட்டீங்களா சார்? துண்ட ஆட்டினீங்களே, சியர் பண்றீங்கன்னு நெனச்சேன்" என்றாள். பிரின்சிபால் மேடம் பக்கத்தில் வந்துகொண்டிருந்தார். அவன் முகம் மாறியது. "யெஸ், யெஸ், சியர்தான்" என்றான்.

இத்தோடு முடிந்தது என்று நினைக்காதே. கீப்பரைக் கடைசி வரை உள்ளே வைத்திருந்தது தன் வியூகம் என்று கல்லூரிப் பத்திரிகையில் சொல்லியிருக்கிறான். டீமைக் காப்பாற்றியவர் என்று ஒப்பந்தத்தையும் நீட்டித்துவிட்டார்கள். படித்துவிட்டு அன்றைக்குக் குழம்பைத் தீய விட்டேன். மெழுகாள் இன்னும் வேலை செய்கிறார் போல.

பாராட்டு விழா அதே திடலில் நடந்தது. அவனுக்குச் சால்வை போட்டார்கள். மைக்கைப் பிடித்து, "ஃபிரெண்ட்ஸ், இந்த டீமுக்குப் பின்னால..." என்றான். கேட்டுக்கு அந்தப் பக்கம் டிரம் ஒன்று அதிர்ந்தது. நான் சொல்லவே இல்லை அண்ணே, சத்தியமாக. நம் பெண்களே போய் அருளப்பனைக் கூட்டி வந்திருக்கிறார்கள். அவன் நிறுத்தினான், டிரம்மும் நின்றது. "பின்னால..." என்றான், மறுபடி அதிர்ந்தது. மூன்றாம் தடவை மேடத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவன் மைக்கை வைத்துவிட்டு உட்கார்ந்தான். உட்காரும் முன் கூட்டத்தில் தேடி, என்னைப் பார்த்தான். உன்னைப் பார்க்காத அந்தக் கண்ணால் என்னை நேராகப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது, இது யாருக்காக அடிக்கிற டிரம் என்று.

அப்போதுதான் எனக்கும் ஒன்று புரிந்தது. இவன் போகக் கூடாது. போய்விட்டால் நான் யாருக்கு வாசிப்பேன்?

போன புதன்கிழமை நொவேனாவுக்குப் போனேன். நஸ்ரினின் வீங்கிய முழங்காலுக்கு மெழுகுக் கால் ஒன்று வாங்கினேன். பிறகு, "ஆம்பளை ஆளு ஒண்ணு குடும்மா" என்றேன். மெழுகுக்காரம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"அர்த்தம் தெரிஞ்சுமா கேக்கீங்க?"

"தெரிஞ்சுதான் கேக்கேன்."

நெற்றியில் 'பா' என்று கீறி மாதாவின் காலடியில் வைத்தேன். இந்தத் தடவை சரியாக வேண்டினேன். தாயே, பாஸ்கரனுக்கு நீண்ட ஆயுளைக் கொடு. முதுகு வலி எட்டிப் பார்க்க வேண்டாம். காது கடைசி வரை கூர்மையாக இருக்கட்டும். சனிக்கிழமைதோறும் அவன் நிமிர்ந்து நடந்து அந்தத் திடலுக்கு வரட்டும், கையைக் குவித்து வாயைத் திறக்கட்டும்.

அருளப்பன் சனிக்கிழமைகளில் வேறு வேலை ஒப்புக்கொள்வதில்லை. உன் பெட்டி மேல் கை வைத்துச் சொன்னதை இங்கே எல்லார் முன்னாலும் மறுபடி சொல்கிறேன்: என் உடம்பில் மூச்சு இருக்கும் வரை, நீ நின்று கத்திய அந்த மண்ணில் அவன் பேச்சு ஒருவர் காதிலும் விழாது.

மேம்பாலத்தில் நிற்கிறாயா? கேட்கிறதா?

ஆட்டத்தின் மறுபாதியை இன்னும் உனக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்
உன் தங்கச்சி,
லூர்து மேரி